வெள்ளையடித்தலும் வீட்டழகும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் எழுத்து வடிவம்)



இம்மண்டபத்திலே சமயமும் இலக்கியமும் வரலாறும் பேசப்படுவது வழக்கம். இன்று நாமோ சுண்ணாம்பு வாளியோடும் தூரிகையோடும் உங்கள்முன் வந்து நிற்கிறோம். பல்கலைக்கழகத்திலே படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு விடயம் கிடைக்கவில்லையா என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்பது போலத் தோன்றுகிறது. "சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும்" என்ற பழமொழியை உடல்நலத்துக்கு உவமையாக எடுத்துக்காட்டாத பேச்சாளர் இல்லை. ஆயினும் அந்தச் சுவரைச் சுவராகவே எடுத்து அதைப் பற்றிப் பேசியவர் எத்தனை பேர்? அக்குறையைச் சிறிது நிரப்புவதே இன்றைய எமது நோக்கம்.

எமது ஊரிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் கோயில் மதில்களுக்கும் வெள்ளையடித்தும் வர்ணம் பூசியும் வாழ்ந்து, இப்பொழுது தொழிலை விட்டு ஓய்ந்திருக்கும் முதியவர் ஒருவர் உளர். தம் பெயரைச் சபையிலே சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டமையால் அவரைப் "பெரியவர்" என்றே குறிப்பிடுவோம். விடுமுறை நாட்களில் நாமும் சங்க நண்பர் சிலரும் அவருடைய திண்ணையிலிருந்து கேட்டறிந்த அனுபவ உண்மைகளை, நாம் படிக்கும் இரசாயன பாடத்தோடு ஒத்துப் பார்த்து இங்கே தொகுத்துத் தருகிறோம். அனுபவமும் நூலறிவும் பெரும்பாலும் ஒன்றையே சொல்லின என்பதை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

சுண்ணாம்பின் கதை

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்த நிலம். நாம் நடக்கும் நிலமும், நீர் அள்ளும் கிணற்றின் பாறையும், பழைய வீட்டின் சுவரும், அச்சுவரின் வெண்மையும் ஒரே பொருளின் வெவ்வேறு உருவங்களே. அக்கல் கல்சியம் காபனேற்று என்னும் சேர்வையால் ஆயது. அதனைச் சூளையிலிட்டு ஏறத்தாழ 900 பாகை சதம வெப்பத்திற் சுட்டால், தூய கல்லானால் 100 கிலோவிலிருந்து 44 கிலோ காபனீரொட்சைட்டு வாயுவாக வெளியேறிவிடும். எஞ்சுவது 56 கிலோ நீறாத சுண்ணாம்பு. அதனை நீரிலிட்டாற் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். இந்தச் சுண்ணாம்பு நீரைச் சுவரிற் பூசியதும், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாகிறது. சூளையிற் போனது காற்றினூடாகத் திரும்பி வருகிறது. ஆகவே வெள்ளையடித்தல் என்பது சுவரின்மேல் மெல்லிய கற்போர்வை ஒன்றைப் போர்த்துதலேயாம்.

இவ்வுண்மையை உணர்ந்தால், பெரியவர் சொல்லும் விதிகளெல்லாம் தாமாகவே விளங்கும். "தம்பிமாரே, சுவர் முதலிலை குளிக்கவேணும், பிறகுதான் உடுக்கவேணும்" என்பது அவருடைய முதல் வாக்கு. உலர்ந்த சுவர் சுண்ணாம்பு நீரை உடனே உறிஞ்சிவிடும். கல்லாக மாறுவதற்கு ஈரம் வேண்டும். ஈரமின்றிப் போனால் பூச்சு மாவாகி, சாய்ந்தவர் முதுகிலே ஒட்டிக்கொள்ளும். ஆகவே பழைய பூச்சைச் சுரண்டித் தூசு தட்டியபின் சுவரை நன்கு நனைத்து, நீர் வழிவது நின்றதும் பூசுதல் வேண்டும்.

இரண்டாவது விதி, பூச்சு பால்போல் இருத்தல் வேண்டும்; தயிர்போல் இருத்தலாகாது. பூசும்போது சுவர் தெளிவாகத் தெரிவதைக் கண்டு மனந்தளர்ந்து சுண்ணாம்பைத் தடிப்பாக்குவது புதியவர் வழக்கம். ஈரத்திலே கண்ணாடிபோலத் தோன்றும் பூச்சு உலர உலர வெண்மையாகும். தடித்த ஒரு பூச்சு வெடித்து உதிரும். மெல்லிய மூன்று பூச்சுகள் நிலைத்து நிற்கும். ஒவ்வொன்றுக்குமிடையே ஒரு நாளாவது விடுதல் நன்று. பளிச்சென்ற தோற்றத்துக்குச் சிறிதளவு நீலம் சேர்ப்பது பழைய வழக்கம். "சிறிதளவு" என்பதைப் பெரியவர் மூன்று முறை சொன்னார். அளவு மீறினால் வீடு சலவைக்காரர் வாளிபோலாகும் என்பது அவர் எச்சரிக்கை.

சுண்ணாம்பு பூஞ்சணத்தை அடக்கும், சுவரின் ஈரத்தை வெளியே மூச்சுவிட இடங்கொடுக்கும், விலையும் குறைவு. யாழ்ப்பாணக் கோட்டையின் பவளக்கற் சுவர்களையும், நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் தடித்த பழஞ்சுவர்களையும் பிணைத்து நிற்பது சுண்ணாம்புச் சாந்தே. அந்நாட் கட்டடக்காரர் சாந்திலே பனங்கட்டி நீரும் சேர்ப்பதுண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியபின் சீமெந்து எமது ஊர்களிலே பெருகியது. அத்தொழிற்சாலை 1990 ஆம் ஆண்டிலே போரினால் மூடுண்டபோதிலும், சீமெந்துப் பழக்கம் மூடுண்டுபோகவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரின் உதிர்வைச் சீமெந்தால் அடைப்பது இன்று எங்குங் காணும் காட்சி. சீமெந்து இறுகியது, ஈரத்தை வெளியே விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் பக்கத்திலுள்ள நல்ல பகுதியை அரித்துக்கொண்டு வெளிப்படும். எனவே பழஞ்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தே உற்ற மருந்து.

சுவரின் நோய்

இனி, வர்ணப்பூச்சுக்கு வருவோம். கடையிலே தகரத்திலடைத்து விற்கும் பெயின்ற் எல்லா நோய்க்கும் மருந்து என்று பலர் எண்ணுகின்றனர். பெயின்ற் ஓர் ஆடை. ஆடை காயத்தை மறைக்குமேயன்றி ஆற்றாது. சுவரின் அடியிலே முழங்காலளவுக்குக் கருமையும் வெண்ணிற உப்புப் பூத்தலும் காணப்படின், நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது என்றறிக. உச்சியிலே கறை தோன்றின், ஓடு விலகியது அல்லது பீலி அடைபட்டது என்றறிக. நடுச்சுவரிலே தனித்த கறை இருப்பின், மறுபக்கத்திலே குளிக்குமிடமோ நீர்க்குழாயோ உண்டா என்று பார்க்க.

காற்றின் ஈரமா, சுவரின் ஈரமா என்று ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்றுண்டு. ஓரடிச் சதுரமான பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்பையும் ஒட்டுநாடாவினால் இறுக ஒட்டி ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். துண்டின் உட்புறம், அதாவது சுவர்ப்பக்கம், நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் நீர் படிந்திருந்தால் அறையின் காற்றிலிருந்து வருகிறது; யன்னலைத் திறந்துவைப்பதே அதற்கு வைத்தியம். சுவரிலிருந்து வருவதாயின், புறத்தே சுவரோடு குவிந்துள்ள மண்ணை வெட்டி விலக்குதல், பீலியைத் திருத்துதல், கழிவு நீரைத் தூரத்தே வழிவிடுதல் ஆகியவற்றைச் செய்தபின், சுவர் உலரும்வரை காத்திருத்தல் வேண்டும். பெரியவர் தம் தொழிற்காலத்திலே, "முதலில் ஓட்டைப் பாருங்கோ, பிறகு என்னைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்காமலே திரும்பிய வீடுகள் பலவாம். அவரை அவ்வீட்டார் மீண்டும் அழைத்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

புதிதாகப் பூசிய சீமெந்துச் சுவர் குறைந்தது நான்கு வாரம் ஆறவேண்டும். குடிபுகும் நாள் நெருங்கிவிட்டது என்று அவசரப்பட்டால், சுவரினுள்ளிருக்கும் காரமும் ஈரமும் பூச்சைக் கொப்பளிக்கச் செய்யும். நாளைக் குறிக்கும்போதே சுவரையும் நினைத்துக் குறிப்பது நலம்.

மற்றொன்று: சுண்ணாம்பு பூசிய சுவரின்மேல் நேரே எமல்ஷன் பூசலாகாது. உள்ளங்கையாற் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெண்மாவு ஒட்டினால், புதுப்பூச்சும் அம்மாவையே பற்றிக்கொண்டு, சில மாதங்களிற் பாம்புச் சட்டைபோல உரிந்துவிடும். மாவு முழுதும் போகச் சுரண்டிக் கழுவி, அதற்குரிய அடிப்பூச்சைப் பூசியபின்னரே எமல்ஷன் ஏறவேண்டும். சுவாமியறையில் விளக்குப் புகையும் குசினியில் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். சவர்க்கார நீரால் அவற்றைக் கழுவாது பூசினால், கறை புதிய பூச்சையும் ஊடுருவி வெளியே வந்து நிற்கும்.

எப்பொழுது பூசுவது

எமது பகுதிக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. தைப்பொங்கலுக்கு வீட்டை வெள்ளையாக்குவது மரபு. மழை விட்ட கையோடு பொங்கல் வந்துவிடுகிறது. சுவரோ இன்னும் முற்றாக உலரவில்லை. இங்கேதான் முன்னோரின் நுட்பம் தெரிகிறது. சுண்ணாம்பு சிறிது ஈரத்தை விரும்பும். பெயின்ற் ஈரத்தை வெறுக்கும். ஆகவே பெரியவர் ஓர் ஒழுங்கு சொல்கிறார்: "தைக்குச் சுண்ணாம்பு, சித்திரைக்குப் பெயின்ற்." பொங்கலுக்கு வெள்ளையடியுங்கள். பெயின்ற் வேலை வேண்டுவோர் மாசி, பங்குனி வெயிலிலே சுவரை உலரவிட்டுச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் முடித்துவிடுங்கள். எமது இளைஞர்கள் மனத்திற் பதித்துக்கொள்வதற்கு இவ்வொரு வாக்கியமே போதும்.

நாளிலே நேரமும் பார்க்கவேண்டும். வெளிச்சுவரை நேர்வெயிலிற் பூசினால் மேற்றோல் உலர்ந்து உள்ளீரம் சிக்கிக்கொள்ளும். காலையிலே மேற்குச் சுவரும் மாலையிலே கிழக்குச் சுவரும் பூசுக. நிழலைத் தொடர்ந்து வேலை செய்பவன் களைப்பும் அடையான், பூச்சும் கெடாது.

அளவும் ஒழுங்கும்

எத்தனை லீற்றர் வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்பதற்குப் பதிலாக நாமே கணக்கிடலாம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமுமுள்ள அறையொன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. பரப்பு 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடியான கதவொன்றையும், 4 அடிச் சதுரமான யன்னல் இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 387 சதுர அடி. எமது சுவர்களின் முரட்டுத் தன்மைக்கு ஒரு லீற்றர் எமல்ஷன் ஏறத்தாழ 100 சதுர அடிக்கு ஒரு பூச்சுப் போதும் என்று கொள்ளலாம். இரண்டு பூச்சுக்கு 774 சதுர அடி. ஆகவே சுமார் 8 லீற்றர். இக்கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யும். செய்யாத வீடுகளில் அரைத்தகரம் பெயின்ற் கட்டிலின் கீழே காய்ந்து கிடக்கக் காண்கிறோம்.

வேலையின் ஒழுங்கு மேலிருந்து கீழ்: முதலிற் கூரைத்தட்டு, பின் சுவர், அதன்பின் கதவு யன்னல், இறுதியில் நிலத்தோரப் பட்டை. வெடிப்புகளை அப்படியே பூசி மூடாமல், சற்று அகலக் கீறி, தூசு தட்டி, நனைத்துச் சாந்தால் நிரப்புக. ஒரே நிறத் தகரங்கள் பலவாயின், யாவற்றையும் பெரிய வாளியொன்றிற் கலந்துகொள்க. தகரத்துக்குத் தகரம் நிறத்திற் சிறு வேறுபாடு இருக்கும். சுவரின் நடுவிலே அது காட்டிக்கொடுத்துவிடும். தூரிகையின் மயிரில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தோய்க்கலாகாது. முழுதும் தோய்த்தவனின் முழங்கைக்குத்தான் வர்ணம் சேரும். தொடங்கிய சுவரை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை முடித்தபின்னரே தேநீருக்கு இறங்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் உலர்ந்த விளிம்பு கோடாகத் தெரியும்.

தாழை விழுதைத் தட்டித் தாமே தூரிகை செய்த காலத்தைப் பெரியவர் கண்டவர். அதனாலோ என்னவோ, தூரிகையைப் பேணாத இளைஞரைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. மறுநாளும் வேலையிருந்தால் தூரிகையைப் பொலித்தீனிற் சுற்றிவைக்கலாம். வேலை முடிந்தால் அன்றே கழுவிச் சீவித் தொங்கவிடவேண்டும். "கருவியைக் கழுவாதவன் கூலியைத் தொலைச்சவன்" என்கிறார் அவர்.

நிறம் தெரிதல்

கடையிலுள்ள சிறு அட்டையிலே மென்மையாகத் தோன்றும் நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் அடர்ந்து தோன்றும். ஆகவே மனம் விரும்பியதிலும் ஒருபடி இளநிறத்தைத் தெரிக. சிறிதளவு வாங்கி ஈரடிச் சதுரத்திற் பூசி, காலையிலும் நண்பகலிலும் இரவு விளக்கொளியிலும் பாருங்கள். மூன்று வேளையும் பிடித்த நிறமே வீட்டுக்குரிய நிறம். எமது பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு இளம் பாலாடை நிறம் பொருந்தும். வெளிச்சம் குறைந்த அறைக்கு வெண்மையே விளக்கு. அதுவே மின்கட்டணத்தைக் குறைக்கும் வழியுமாகும். எரிக்கும் வெயிலைப் பார்த்து நிற்கும் வெளிமதிலுக்குத் தூய வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். சிறிது மஞ்சட் காவி கலப்பது இதம்.

சுண்ணாம்போடு எல்லா நிறமும் சேரா. காரத்தைத் தாங்காத சாயங்கள் விரைவில் வெளிறிவிடும். மண்ணிலிருந்து வரும் காவியும் மஞ்சட் காவியும் இரும்பின் ஒட்சைட்டுகளாதலின் அவை நிலைத்து நிற்கும். எமது கோயில் மதில்களின் வெள்ளையும் காவியுமான பட்டைகள் கண்ணுக்கு எவ்வளவு நிறைவோ, இரசாயனத்துக்கும் அவ்வளவு பொருத்தம்.

உயிரோடு விளையாடலாகாது

இதுவரை சொன்னவை அழகைப் பற்றியவை. இனிச் சொல்வன உயிரையும் உறுப்பையும் பற்றியவை. இவற்றைத் தாய்மார் சிறப்பாகக் கேட்கவேண்டும்.

முதலாவது, சுண்ணாம்பும் கண்ணும். நீறாத சுண்ணாம்பை நீரிலே சிறிது சிறிதாக இடவேண்டும். சுண்ணாம்பின்மேல் நீரைக் கொட்டலாகாது. கொதித்துத் தெறிக்கும் ஒரு துளி கண்ணைக் குருடாக்க வல்லது. பிளாஸ்திக்கு வாளி அவ்வெப்பத்தைத் தாங்காது. இரும்புப் பாத்திரமே ஏற்றது. கண்ணிலே சுண்ணாம்பு பட்டுவிட்டால் ஒரு கணமும் தாமதியாது இமையைத் திறந்துபிடித்துச் சுத்தமான நீரை இருபது நிமிடத்துக்குக் குறையாமல் ஓடவிட்டுக் கழுவி, பின் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. எண்ணெய், பால், எலுமிச்சஞ்சாறு என்று எதையும் இடாதீர்கள். நீரே மருந்து, வேகமே வைத்தியர். வெற்றிலைத் தட்டத்திலுள்ள சிறு சுண்ணாம்புக் கரண்டகமும் குழந்தையின் கண்ணுக்குப் பகைதான் என்பதைப் பாட்டிமார் நினைவில் வைப்பார்களாக.

இரண்டாவது, ஈயம். பழைய கதவுகளிலும் யன்னல்களிலும் தொட்டில்களிலும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் படைபடையாக ஏறியிருக்கும் எனாமல் பூச்சுகளில் ஈயச் சேர்வை கலந்திருக்கக்கூடும். நிறம் பொலியவும் விரைவில் உலரவும் அதனைக் கலந்தனர். வீட்டுப் பூச்சிலுள்ள ஈயம் குழந்தைகளை நோயாளராக்குகிறது என்று அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலே லொக்காட் கிப்சன் என்னும் கண் வைத்தியர் 1904 ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். தொழிலாளரைக் காக்கும்பொருட்டு வெள்ளை ஈயப் பூச்சைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1921 ஆம் ஆண்டில் உருவாகியது. அமெரிக்க ஐக்கிய நாடு வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தை 1978 ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. எமது நாட்டில் 2011 ஆம் ஆண்டு வர்த்தமானி மூலம் ஈயத்துக்கு எல்லை விதிக்கப்பட்டு, 2013 ஆம் ஆண்டு சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவுகள் எமது வீடுகளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது; இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. எனவே பழைய எனாமலை உலர்ந்தபடி தேய்த்துத் தூசெழுப்பாதீர்கள், எரித்தும் உரிக்காதீர்கள். பூச்சு உறுதியாக இருப்பின் அதன்மேலேயே பூசிவிடுவது உத்தமம். தேய்க்கவேண்டியிருந்தால் நீர்விட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்துக் கட்டி அகற்றுங்கள். குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். புதுத் தகரம் வாங்கும்போது ஈயத்தைப் பற்றிய குறிப்பு அதிலுண்டா என்று வாசித்து வாங்குங்கள். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடுகளையும் உலர்ந்தபடி சுரண்டலாகாது. அதன் நுண்ணிழை நுரையீரலைக் கெடுப்பது.

மூன்றாவது, கிணறு. வற்றாத ஆறில்லாத எமது குடாநாட்டுக்குக் கிணறே கங்கை. நிலத்தடிச் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துளையும் உள்ளது. மேலே ஊற்றியது விரைவிற் கீழே சேரும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே எம்மையெல்லாம் எவ்வளவு கலக்கியது என்பதை மறந்திருக்கமாட்டீர்கள். தூரிகை கழுவிய ரேப்பன்டைனைக் கிணற்றடியில் ஊற்றுவது அதே தீங்கைச் சிறிய அளவிற் செய்வதேயாம். அதனைப் போத்தலில் விட்டுத் தெளியவைத்தால் மேலேயுள்ளதை மீண்டும் பாவிக்கலாம். அடியிலுள்ள கசடை மட்டும் உலரவைத்துக் கட்டி அகற்றலாம். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றவும் கூடும், விரித்து உலரவிடுக.

நான்காவது, ஏணி. நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். மின்கம்பி செல்லும் பக்கத்தில் இரும்பேணியை எடுத்தலே ஆகாது.

கைரேகை தேய்ந்த கை

பெரியோர்களே, இத்தனை அறிவையும் எமக்கு வழங்கிய அவர் எந்தப் பாடசாலையிலும் இதனைக் கற்கவில்லை. முதுமையிலே ஓரிடத்திற் பெருவிரல் அடையாளம் வைக்கச் சென்றபோது அவருடைய ரேகை பதியவில்லையாம். மூன்று முறை துடைத்துத் துடைத்து வைத்தும் மையிட்ட ஒரு வட்டமே விழுந்தது. நாற்பதாண்டுச் சுண்ணாம்பு ரேகையைத் தின்றுவிட்டது. "ஊர்ச் சுவரெல்லாம் என்ரை கைதான், எனக்குத்தான் கை அடையாளம் இல்லை" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். எம்மாற் சிரிக்க முடியவில்லை. அவருக்கு ஓய்வூதியம் இல்லை. தூசினால் வந்த இருமல் உண்டு. அவர் பூசிய மண்டபங்களின் திறப்புவிழாக் கற்களிலே பலருடைய பெயர்கள் உண்டு. அவருடைய பெயர் ஒன்றிலும் இல்லை.

படித்தவன் தூரிகை தொடலாகாது என்று எமது சமூகத்திலே எழுதாத சட்டம் ஒன்று நிலவுகிறது. வேலைக்கு வருபவரை முற்றத்தோடு நிறுத்தி, வேறு கோப்பையிலே தேநீர் கொடுத்த காலத்தையும் பெரியவர் மறைக்கவில்லை. வீட்டின் சுவாமியறைச் சுவரை வெண்மையாக்க அவர் கை வேண்டும். அவ்வீட்டின் கோப்பையைத் தொட அவர் கை ஆகாதாம்! சமயத்தின் பெயரால் கூடியிருக்கும் இச்சங்கத்தார் இதனைச் சிந்தித்தே ஆகவேண்டும். அக்கறை சுவரில் இல்லை. எம் மனத்தில் இருக்கிறது. அதற்குமேல் எந்தப் பூச்சைப் பூசினாலும் அது வெளியே வந்தே தீரும்.

ஆகவே சபையின்முன் மூன்று பிரேரணைகளை வைக்கிறோம். முதலாவது, வரும் தைப்பொங்கலுக்கு முன் எமது சங்க மண்டபத்துக்கும் வாசிகசாலைக்கும் அங்கத்தவராகிய நாமே வெள்ளையடிப்போம். பெரியவர் நாற்காலியிலிருந்து எம்மை நடத்துவார். அந்த நாட்களுக்குரிய கூலியை, ஆசிரியருக்குரிய மரியாதையோடு, சங்கம் அவருக்கு வழங்கவேண்டும். இரண்டாவது, போரிலே இடம்பெயர்ந்து திரும்பிவந்து, துணையின்றித் தனித்து வாழும் முதியோர் வீடுகள் எமது வட்டாரத்தில் உள்ளன. குண்டுச் சிதறலாற் குழிந்த சுவர்கள் இன்னும் சில வீடுகளில் ஆறாதிருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு வீடுகளையேனும் எடுத்துக் குழியடைத்து வெள்ளையடித்துக் கொடுப்போம். மூன்றாவது, அவ்வேலையில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் மூக்குக் கவசமும் கண்ணாடியும் கையுறையும் சங்கம் வாங்கி வைக்கட்டும். பெரியவரின் இருமல் எமது தம்பிமாருக்குத் தொடரலாகாது.

செலவைப் பற்றிப் பொருளாளர் அவர்கள் கவலைப்படுவார்கள். சுண்ணாம்பு விலையேறப்பெற்ற பொருளன்று. கைகளோ எம்மிடம் உண்டு. ஏணி இரண்டு தருவதாக அங்கத்தவர் ஒருவர் இப்பொழுதே சம்மதித்துள்ளார். மார்கழி விடுமுறை தொடங்கும் முதற் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பழைய உடுப்போடு இம்மண்டப வாசலுக்கு வாருங்கள். சுவரை முதலிற் குளிப்பாட்டுவோம்.